லிஸ்பனிலிருந்து ரோம் வரை 3 வாரம்: யூரெயில் பாஸ் தேவையா?

பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஒரே டிக்கெட்டில் போக உதவும் பாஸ் இது. இந்த வழிக்கு நான் வாங்க மாட்டேன். பாஸ் இருந்தாலும் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலியின் அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்டணும். நினைத்த நேரத்தில் ஏறிப் போகலாம் என்ற சுகம் அங்கேயே போச்சு.

லிஸ்பன்–மாட்ரிட் நேரடி ரயில் கிடையாது. 2020இல் நின்ற இரவு ரயில் திரும்ப வரவில்லை. ரயில் மாறி மாறிப் போகணும், இல்லையென்றால் பஸ்ஸோ விமானமோதான். மாட்ரிட்–பார்சிலோனா சுமார் 620 கி.மீ., அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். 2021 முதல் அந்தத் தடத்தில் போட்டி நிறுவனங்கள் வந்துவிட்டதால், முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் மலிவு.

பிரான்ஸின் நீஸிலிருந்து இத்தாலி எல்லை ஊரான வென்டிமிலியா வரை சாதாரண ரயில். அங்கே இறங்கி இத்தாலிய ரயிலுக்கு மாறி ஜெனோவா போங்க. பல இடங்களில் கடலை ஒட்டிப் போகும், ஜன்னலோரம் பிடிங்க! இத்தாலியின் உள்ளூர் ரயில்களுக்கு முன்பதிவு வேண்டாம். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை மெஷினில் முத்திரை குத்திடுங்க, மறந்தால் அபராதம்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசாவை (இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஒரே விசா) அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்கணும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆகஸ்ட்டைத் தவிர்த்துடுங்க, வெயில் தாங்காது.