ஸ்பானிஷ், போர்ச்சுகீசியப் படைகளில் வரும் 'அல்ஃபெரெஸ்' பதவியைத் தமிழில் 'லெப்டினன்ட்' என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். அல்ஃபெரெஸ் லெப்டினன்ட்டுக்கும் ஒரு படி கீழே உள்ள அதிகாரி. ஏதோ மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. நானும் மாட்டியவன்தான்.

போன வருஷம் பிரேசில் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு சப்டைட்டில் எழுதினேன். அதில் டிராடென்டிஸ் வருவார். போர்ச்சுகல் ஆட்சிக்கு எதிரான சதியில் சிக்கி, 1792 ஏப்ரல் 21 அன்று ரியோவில் தூக்கில் தொங்கியவர். பல் பிடுங்கும் வேலையும் தெரிந்ததால் அந்தப் பட்டப்பெயர். படையில் அவர் அல்ஃபெரெஸ். நான் 'கொடி பிடிக்கும் அதிகாரி' என்று போட்டிருந்தேன். சரிபார்த்தவர் போன் செய்து, "எந்தக் கட்சிக் கொடி சார்?" என்று சிரித்தார். மறுநாள் பார்த்தால் 'லெப்டினன்ட்' ஆகியிருந்தது. அடுத்த காட்சியிலேயே நிஜ லெப்டினன்ட் ஒருவர் வருகிறார். மேலதிகாரியும் கீழதிகாரியும் ஒரே பதவி!

உண்மையில் கொடிதான் இந்தப் பதவியின் கதையே. சொல் அரபியிலிருந்து வந்தது. 'அல்-ஃபாரிஸ்' என்றால் குதிரை வீரன். இடைக்காலத்தில், இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டீல் அரசில் அல்ஃபெரெஸ் என்றால் சாதாரண ஆள் இல்லை. அரசரின் கொடியைச் சுமப்பவர், அரசர் இல்லாதபோது படையையே நடத்துபவர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் 'தெர்சியோ' காலாட்படைகள் வந்தன. 'கம்பெனி' என்ற படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, கொடிக்கு ஒரு அல்ஃபெரெஸ். ஆட்கள் பெருகியதும் மதிப்பு இறங்கி, கேப்டனுக்கு அடுத்த ஆள் ஆனார். பிறகு இடையில் லெப்டினன்ட் வந்து உட்கார, இன்னும் ஒரு படி கீழே போனார். ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டிலும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

"கத்தலீனா தே எராவ்ஸோவை ஆங்கிலத்தில் லெப்டினன்ட் கன்னியாஸ்திரி என்கிறார்களே" என்று யாராவது வருவீர்கள், தெரியும். மடத்திலிருந்து ஓடி, ஆண் வேடத்தில் சிலியில் சண்டை போட்டவர். பறிபோன கம்பெனிக் கொடியை மீட்டதற்காகத்தான் அல்ஃபெரெஸ் ஆனதாக அவர் பெயரில் உள்ள தன்வரலாறு சொல்கிறது. அது 17ஆம் நூற்றாண்டு. அப்போது கேப்டனுக்கு அடுத்தவர் என்பதால் ஏதோ பொருந்தும். டிராடென்டிஸுக்குப் பொருந்தாது.

அல்ஃபெரெஸ் என்றே எழுதிவிட்டு, முதல் தடவை மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். மேசை, சாவி, ஜன்னல் எல்லாம் போர்ச்சுகீசியரிடம் வாங்கியபோது நாம் கூச்சப்படவில்லையே.

அப்புறம், அந்தப் படத்துக்கு நிமிஷக் கணக்கில் பேசிய காசில் பாதி இன்னும் வரவில்லை. வந்த பாதியிலும் 'திருத்தச் செலவு' என்று கழித்திருந்தார்கள். என்ன திருத்தம் என்று கேட்டேன். லெப்டினன்ட்டாம்.