கேட்டதும் சொன்னதும்: அகதி முகாம் கைவேலைகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1946இல் ஜெர்மனியில் அன்ரா (UNRRA, போரில் வீடிழந்தவர்களுக்கு உதவிய பன்னாட்டு அமைப்பு) நிவாரணக் குழுவில் இருந்த நர்ஸ் ஒருவருக்கு அகதிப் பெண்கள் பூத்தையல் போட்டுக் கொடுத்த மேசைவிரிப்பு எங்கள் பள்ளி நூலகத்துக்கு வந்திருக்கிறது. சிவப்பும் கறுப்புமாக நூல். அங்கங்கே பழுப்புக் கறை. துவைக்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: துவைக்காதீர்கள். அந்த முகாம்களில் துணிக்கும் நூலுக்கும் பெரும் தட்டுப்பாடு. மாவுச் சாக்கு, பாராசூட் துணி, ராணுவக் கம்பளி, பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூல் என்று கிடைத்ததில்தான் தைத்தார்கள். அப்படிப்பட்ட நூலின் சாயம் தண்ணீர் பட்டால் நிற்குமா என்று சொல்ல முடியாது. சிவப்பு ஓடினால் வெள்ளைத் துணியிலிருந்து திரும்ப எடுக்கவே முடியாது. சாக்கில் அச்சிட்ட எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அதையும் விட்டுவையுங்கள். விரிப்பு எங்கே பிறந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

தூசியை மட்டும் எடுக்கலாம். விரிப்பின் மேல் நைலான் கொசுவலையைப் பரப்பி, வேக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுப்பில் வைத்து, முனை துணியில் உரசாமல் நகர்த்துங்கள். மடித்து வைத்தால் மடிப்புக்கோட்டில்தான் இழை முதலில் அறும். ஆகவே, அமிலமில்லாத தாள் சுற்றிய 8 செ.மீ. விட்டமுள்ள குழாயில், பூவேலை வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, கஞ்சி போகத் துவைத்த மல்துணியால் மூடுங்கள். டர்பன் கோடையில் அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், 50–55 நல்லது.

கம்பளி நூலில் பூச்சி இருந்தால் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் குளிர்ந்த துணியில் நீர் கோத்துக்கொள்ளும்.

கேள்வி: பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) மூடி போட்ட அலுமினியச் சிகரெட் பெட்டி மங்கிவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வேண்டவே வேண்டாம். புளியின் அமிலம் அலுமினியத்தை அரிக்கும்; சாம்பலோ செதுக்கிய எழுத்தைத் தேய்த்துவிடும். மூடியில் ஸ்பிரிட் பட்டால் மயிரிழை வெடிப்பு விழும், கையால் அறுத்துச் சூட்டில் வளைத்த இடங்களில் முக்கியமாக. ஈரம் பிழிந்த மென்துணி போதும். நாஃப்தலின் உருண்டையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். வைக்கோல் பதித்த மரப்பெட்டியாக இருந்தால் ஈரத்துணியும் ஆகாது, வச்சிரப் பசை இளகிவிடும்.

கேள்வி: செய்தவர் யாரென்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: சில சமயம் முடியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து அடிப்பகுதியைப் படம் எடுங்கள். முகாம் பெயர், ஆண்டு, குழு எண் தெரியலாம். தென்னாப்பிரிக்கா உட்பட 44 நாடுகள் 1943 நவம்பரில் அமைத்த அன்ராவின் ஐரோப்பியப் பணி 1947 நடுவில் முடிந்தது. அதன் பெயர் பொறித்த பொருள் பெரும்பாலும் அதற்கு முந்தியது. அதன் கோப்புகள் நியூயார்க்கில் ஐ.நா. ஆவணக்காப்பகத்தில் உள்ளன, அகதிகளின் பெயர்ப் பதிவுகளை ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக்காப்பகத்தில் தேடலாம். பூவேலையின் பாணியை மட்டும் வைத்து போலந்துக்காரர், உக்ரேனியர் என்று முடிவுகட்டாதீர்கள். ஒரே முகாமில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடமும் கற்றிருப்பார்கள். கிடைத்த விவரத்தைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதிப் பொருளோடு வையுங்கள். குண்டூசி குத்த வேண்டாம், துருவேறும்.