மதர்போர்டில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். புது கம்ப்யூட்டருக்கு ரைசன் 5 9600எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம் என்று முடிவாகிவிட்டது. பழைய ஹார்டு டிஸ்க் இரண்டையும் இதிலேயே மாட்ட வேண்டும். எக்ஸ்870 மதர்போர்டு எடுத்தால்தான் வேகம் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர். பி650 விலை குறைவாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: பி650 எடுங்கள். ரெண்டர் வேகத்தை, அதாவது எடிட் செய்த வீடியோ முழு ஃபைலாக வெளிவரும் வேகத்தைத் தீர்மானிப்பது பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்எஸ்டி ஆகியவைதான். சொல்லப்போனால் பி650, எக்ஸ்870 இரண்டிலும் யுஎஸ்பி, டிஸ்க் போன்ற இணைப்புகளைக் கவனிக்கும் சிப்செட் சில்லு ஒன்றே. எக்ஸ்870 போர்டில் யுஎஸ்பி4 என்ற அதிவேக யுஎஸ்பி போர்ட்டும், கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு பிசிஐஇ 5.0-வும் (கார்டை இணைக்கும் முறையில் 4.0-வுக்கு அடுத்த தலைமுறை) கட்டாயம் இருக்கும். கூடுதல் விலை அதற்குத்தான். உங்கள் வேலைக்கு அந்தக் கார்டு பிசிஐஇ 4.0 ஸ்லாட்டிலேயே குறைவில்லாமல் ஓடும். மிச்சமாகும் பணத்தில் பெரிய எஸ்எஸ்டி வாங்குங்கள். 4கே ஃபுட்டேஜ் சேரச் சேர அதன் அருமை தெரியும்.

ஆனால் பி650 என்று எழுதியிருக்கிற எல்லா போர்டும் ஒன்றல்ல. பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் பகுதியைப் பாருங்கள். பிராசஸருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுப்பது அதுதான். 9600எக்ஸ் 65 வாட் ரகம் என்பதால் எந்த போர்டும் தாங்கும். ஆனால் பின்னாளில் 170 வாட் ரக 9950எக்ஸ் போடும் எண்ணம் இருந்தால், விஆர்எம் மேல் தடிமனான ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) உள்ள போர்டாக இப்போதே எடுங்கள். இந்த போர்டுகளில் பிராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-க்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால் இது வீண் செலவு ஆகாது.

ரேம் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாலு ஸ்லாட் இருக்கிறதே, இப்போது இரண்டு, அப்புறம் இரண்டு என்று கணக்குப் போடுவார்கள். முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்4 காலத்தில் அது சரி. ஏஎம்5-ல் டிடிஆர்5 மட்டுமே போடலாம். 9600எக்ஸுக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ரேம் போட்டால் 5600, நாலும் நிரப்பினால் 3600. அதனால் 64 ஜிபி தேவைப்படும் என்று தெரிந்தால் முதலிலேயே 32 ஜிபி இரண்டாக வாங்குங்கள். நாலு ஸ்லாட் போர்டில் அவற்றைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் மாட்ட வேண்டும்.

ஹார்டு டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா போர்ட் நாலு இருந்தால் தாராளம். எஸ்எஸ்டியை நேரே போர்டில் மாட்டும் எம்.2 ஸ்லாட் குறைந்தது இரண்டு வேண்டும்: ஒன்று விண்டோஸுக்கு, இன்னொன்று நடப்பு ப்ராஜெக்டுக்கு. சில போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் சில சாட்டா போர்ட் வேலை செய்யாது. அந்த போர்டின் மேனுவலை நெட்டில் இறக்கிப் பார்த்துவிடுங்கள், பெட்டி மேல் இதெல்லாம் இருக்காது. கேபினட்டில் மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு போர்டு, அதாவது 24.4 செ.மீ. சதுரம், உட்காருமா என்றும் பாருங்கள்.

கடையில் இரண்டு வேலை. பி650 போர்டுகள் 2022-ல் வந்தவை, உங்கள் பிராசஸர் 2024 ஆகஸ்டில் வந்தது. பழைய ஸ்டாக் போர்டில் பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பழசாக இருந்தால் திரையே வராது. பில் போடும் முன் பயாஸ் அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். பிராசஸர் இல்லாமலே பென்டிரைவ் வழியாக அப்டேட் செய்யும் பட்டன் பின்பக்கம் உள்ள போர்டு கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, சாக்கெட் மூடியைத் திறந்து செல்போன் டார்ச்சில் 1718 பின்னும் ஒழுங்காக நிற்கின்றனவா என்று பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி வாங்குவது மிகக் கஷ்டம். அந்த பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போடாதீர்கள், போர்டை சர்வீசுக்கு அனுப்பும்போது அது இல்லாமல் வாங்க மாட்டார்கள்.

எல்லாம் மாட்டி முதல்முறை ஆன் செய்ததும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பயந்து பவரை அணைக்காதீர்கள். யுபிஎஸ் இருந்தால் அன்றைக்கே இணைத்துவிடுங்கள்.