விசுவாசத்தை விற்றார்களா?

கேள்வி: எம்எக்ஸ்பிஎக்ஸ் (MxPx) என்ற அமெரிக்கப் பாப் பங்க் (மெட்டு கலந்த, வேகமான முரட்டு ராக் இசை) குழுவைச் சென்ற இதழில் பாராட்டியிருந்தீர்கள். கிறிஸ்தவக் குழுவாகத் தொடங்கி, பெரிய கம்பெனி கூப்பிட்டதும் விசுவாசத்தைக் கைகழுவியவர்கள் அவர்கள். சபையையும் ஏமாற்றினார்கள், பங்க் ரசிகர்களையும் ஏமாற்றினார்கள். இவர்களுக்குப் பாராட்டு எதற்கு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கைகழுவினார்கள், ஏமாற்றினார்கள் என்று பெரிய வார்த்தைகளாக எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இரண்டுமே நிற்காது.

வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமர்ட்டன் என்று ஓர் ஊர். கடற்படைக் கப்பல் தளத்தை நம்பிப் பிழைக்கிற ஊர். படகேறி ஒரு மணி நேரம் போனால் சியாட்டில். 1992இல் உலகமே சியாட்டிலின் கிரஞ்ச் என்ற கனமான, இருண்ட ராக் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இக்கரையில் மைக் ஹெரேரா, யூரி ரூலி, ஆண்டி ஹஸ்டட் என்ற மூன்று பள்ளிக்கூடப் பையன்கள் அதற்கு நேர்மாறாக, கலிபோர்னியா பாணியில் வேகமான, மெட்டு நிறைந்த பங்க் வாசிக்கத் தொடங்கினார்கள். பாடிக்கொண்டே பேஸ் கிட்டார் வாசித்த ஹெரேராவுக்கு அப்போது 15 வயது. மேக்னிஃபைடு பிளேட் என்று முதலில் வைத்த பெயர் நீளமாக இருந்ததால் முதலெழுத்துகளாகச் சுருக்கினார்கள். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் போட்டு எழுதினார்கள், அதுவே நிலைத்துவிட்டது. எந்தச் சபையும் இவர்களை ஊழியத்துக்கு அனுப்பவில்லை. விசுவாசமுள்ள பையன்கள் சேர்ந்து பாட்டுக் கட்டினார்கள், அந்த விசுவாசம் பாட்டிலும் தெரிந்தது. அவ்வளவுதான் தொடக்கம்.

பிறகு யார் இவர்களுக்குக் ‘கிறிஸ்தவக் குழு’ என்று பட்டம் கட்டியது? வியாபாரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கோபம் முழுக்க இந்தப் பட்டத்தின்மேல்தான் நிற்கிறது. 1971இல் கலிபோர்னியாவில் கால்வரி சேப்பல் சபை மாரநாதா என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே, அமெரிக்காவில் கிறிஸ்தவ இசைக்கென்று தனிச் சந்தை வளர்ந்து வந்தது. அதற்குத் தனிக் கடைகள், தனி வானொலிகள், தனி விழாக்கள். வேதாகமம் விற்கிற கடையிலேயே இசைத்தட்டும் விற்கும். பெற்றோர் பயமில்லாமல் வாங்கிக் கொடுப்பார்கள். 80களில் அண்டர்கவர், ஆல்டர் பாய்ஸ் போன்ற குழுக்கள் அந்தச் சந்தைக்குள் பங்க் வாசித்தன. வெளியே அவர்களை அறிந்தவர்கள் குறைவு. 1993இல் பிராண்டன் ஈபல் தொடங்கிய டூத் அண்ட் நெயில் நிறுவனம் அந்தக் கடைகளிலும் விற்றது, வெளியேயும் விற்றது. எம்எக்ஸ்பிஎக்ஸின் முதல் ஆல்பம் ‘போகினாச்சா’ 1994இல் அங்கிருந்துதான் வந்தது. கடைக்காரருக்கு அலமாரியில் ஒட்ட ஒரு சீட்டு வேண்டும், ஒட்டினார். அந்தச் சீட்டில் பையன்கள் கையெழுத்துப் போட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டால் எப்படி?

சீட்டால் அவர்களுக்கு ஆதாயமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இல்லினாய் மாநிலத்துக் கார்னர்ஸ்டோன் கிறிஸ்தவ இசை விழா மேடையும், சபை வாலிபர்களின் கூட்டமும் அதனால் கிடைத்தவை. ஆனால் பிரசங்கத்துக்காக மேடையேறுகிறவர்களாகத் தங்களைப் பார்க்க வேண்டாம் என்பதை அவர்கள் ஒளித்ததே இல்லை. 1996இல் வந்த ‘லைஃப் இன் ஜெனரல்’ ஆல்பத்தைக் கேளுங்கள். சிநேகிதம், பெண்கள், சின்ன ஊரின் சலிப்பு, பெரியவனாவதில் உள்ள பயம் என்று ஒரு வாலிபனின் வாழ்க்கை அதில் அப்படியே இருக்கிறது. பெரிய கம்பெனி வாசலுக்கு வருவதற்கு முன்பே எழுதிய பாட்டுகள் இவை. பெரிய கம்பெனி கூப்பிட்டதால் பேச்சை மாற்றினார்கள் என்ற கதை இங்கேயே உடைகிறது.

அடுத்து 1998. ஏ அண்ட் எம் என்ற பெரிய நிறுவனம் வழியாக ‘ஸ்லோலி கோயிங் த வே ஆஃப் த பஃபலோ’ வந்தது, 5 லட்சம் விற்று தங்கத் தகடு வாங்கியது. விசுவாசத்தை விற்றார்கள் என்கிறீர்களே, அந்தத் தட்டின் உறையில் டூத் அண்ட் நெயில் பெயரும் இருக்கிறது. 2005இல் ‘பேனிக்’ ஆல்பத்தை சைட்ஒன்டம்மி என்ற பங்க் நிறுவனத்தில் கொண்டுவந்தார்கள், பிளிங்க்-182 குழுவின் மார்க் ஹாப்பஸ் அதில் ஒரு பாட்டுக்குக் குரல் கொடுத்தார். 2007இல் ‘சீக்ரெட் வெப்பன்’ ஆல்பத்துக்காகப் பழைய டூத் அண்ட் நெயிலுக்கே திரும்பிப் போனார்கள். கைகழுவியவன் அதே வீட்டுக் கதவை மறுபடி தட்டுவானா?

குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால் இசையில் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். 2003இல் வந்த ‘பிஃபோர் எவ்ரிதிங் அண்ட் ஆஃப்டர்’ என் காதுக்கு மெருகு அதிகமாகி மூச்சு முட்டுகிற தட்டு. வானொலிக்காக வழவழப்பாக்கியதில் ரூலியின் டிரம்ஸில் இருந்த முரட்டுத்தனம் போய்விட்டது.

பங்க் ரசிகர்கள் தரப்பிலிருந்து வருகிற குற்றச்சாட்டு எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. கடவுளை நம்புகிறவனுக்குப் பங்க் மேடையில் இடமில்லை என்று யார் சட்டம் போட்டது? வாஷிங்டன் டி.சி.யின் பேட் பிரெய்ன்ஸ் குழுவினர் ஜமைக்காவில் பிறந்த ராஸ்தபாரி மத நம்பிக்கையைப் பாடினார்கள், ஹார்ட்கோர் என்ற இன்னும் வேகமான பங்க் இசைக்கே அவர்கள்தான் வழிகாட்டி என்று கும்பிடுகிறோம். ஹார்ட்கோர் பாடகர் ரே காப்போ ஹரே கிருஷ்ணா பக்தராகி ஷெல்டர் குழுவை நடத்தினார், அவரையும் ஏற்றுக்கொண்டோம். இயேசுவை நம்புகிற பையன் கிட்டாரோடு வந்தால் மட்டும் சந்தேகமா? இதில் நியாயம் இல்லை.

பங்க் கேட்பது தன் வேலையைத் தானே செய்வதை. அந்த அளவுகோலை எடுங்கள். 2012இல் ‘பிளான்ஸ் விதின் பிளான்ஸ்’ ஆல்பத்தைத் தங்கள் சொந்த நிறுவனமான ராக் சிட்டி மூலம் வெளியிட்டார்கள். 2018இல் குழுவின் பெயரையே தாங்கி வந்த ஆல்பத்துக்கு கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளத்தில் ரசிகர்களிடமே பணம் திரட்டினார்கள், நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லை. 1995இல் ஹஸ்டட் இடத்துக்கு வந்த டாம் விஸ்னியெவ்ஸ்கி, ஹெரேரா, ரூலி என்ற அதே மூவரும் 2023இல் ‘ஃபைண்ட் எ வே ஹோம்’ வரைக்கும் வந்திருக்கிறார்கள்.

பாட்டில் விசுவாசத்தை வெளிப்படையாக வைத்துக்கொண்டே பெரிய நிறுவனத்துக்குப் போனவர்களும் உண்டு. ஒஹையோ மாநிலம் கேன்டனில் 1998இல் தொடங்கிய ரிலையண்ட் கே, 2004இல் கேபிடல் நிறுவனம் வழியாக ‘ம்ம்ஹ்ம்ம்’ ஆல்பத்தை அப்படித்தான் கொண்டுவந்தது. அவர்கள் வழி அது, இவர்கள் வழி இது. ஒன்றைக் காட்டி மற்றதை அடிக்க வேண்டாம்.

சென்ற இதழில் எழுதியதில் ஒரு வரியையும் நான் திரும்பப் பெறவில்லை. ‘லைஃப் இன் ஜெனரல்’ முழுவதையும் ஒருமுறை கேட்டுவிட்டு, எந்தப் பாட்டில் ஏமாற்று இருக்கிறது என்று எழுதுங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.