ஃபைலோட்ஸ் கட்டி: பெங்களூருக்கு பஸ் ஏறும் முன் பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: என் அக்காவுக்கு வயது 42. பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிறார். இடது மார்பில் எலுமிச்சை அளவு இருந்த கட்டி நாலே மாதத்தில் மாங்காய் அளவுக்கு வளர்ந்தது. சாதாரண ஃபைப்ரோஅடினோமா, ஆபத்தில்லாத கட்டிதான் என்று சொல்லி ஒரு தனியார் மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். இப்போது பயாப்சி ரிப்போர்ட்டில் ‘பார்டர்லைன் ஃபைலோட்ஸ், கட்டி ஓரத்தைத் தொடுகிறது’ என்று இருக்கிறது. தெரிந்த ஒருவர், “இது கேன்சர், உடனே பெங்களூரில் கீமோ ஆரம்பிக்கணும், முன்பணம் கொடுத்தால் பெட் பிடித்துத் தருகிறேன்” என்கிறார். கீமோ தேவையா? கட்டி திரும்ப வருமா?

பதில்: தம்பி, அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் அக்காவுக்கு இப்போது வேண்டியது கீமோ இல்லை, சரியாகச் செய்த இன்னொரு ஆபரேஷன். அதற்கும் இன்று ராத்திரியே கிளம்ப வேண்டியதில்லை. சில வாரங்களுக்குள் செய்துகொண்டால் போதும்.

ஃபைலோட்ஸ் என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் மார்பகப் புற்றுநோய் கிடையாது. அது பால் குழாய்களில் தொடங்கும். இது அவற்றைச் சுற்றியுள்ள நார்த்திசுவில் வளரும். வெட்டிப் பார்த்தால் இலை இலையாக மடிந்திருக்கும். அதனால்தான் 1838-இல் யோஹான்னஸ் முல்லர் என்ற ஜெர்மானியர் இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து இதற்குப் பெயரிட்டார். கூடவே ‘சார்கோமா’ என்று, ஒரு வகைப் புற்றுநோயைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்துவிட்டார். அந்தப் பழைய பெயர் இன்றும் சில ரிப்போர்ட்டுகளில் வந்து குடும்பத்தையே கலங்கடிக்கிறது. மார்பில் வரும் கட்டிகளில் நூற்றில் ஒன்றுகூட ஃபைலோட்ஸ் இருக்காது. ஊசி போட்டுப் பார்த்தாலும் பல நேரம் ஃபைப்ரோஅடினோமா மாதிரியே தெரியும். அதனால் முதலில் பார்த்த மருத்துவர் ஏமாந்ததை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு நாலு மாதத்தில் மாங்காய் அளவு வளர்ந்த கட்டியைக் கொட்டையை உரிப்பது போல உரித்தெடுத்தது தவறு. அந்த வேகத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தோட்டத்தில் கோரையைப் பிடுங்கிய அக்காவுக்கு இது எளிதில் புரியும். புல் கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணிலேயே இருக்கும். ஃபைலோட்ஸும் பார்வைக்குத் தனியாகப் பிரிந்து வரும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரல்களைச் சுற்றுத் திசுவில் விட்டுவிட்டு வரும். அதனால் பார்டர்லைன் வகையில், அதாவது சாதுவான கட்டிக்கும் புற்றுநோய்க்கும் இடைப்பட்ட வகையில், கட்டியைச் சுற்றி ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ‘ஓரத்தைத் தொடுகிறது’ என்றால் அந்த 1 சென்டிமீட்டர் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மார்பு முழுவதையும் எடுக்க வேண்டுமா என்று அக்கா பயப்படுவார். மிச்சமிருக்கும் மார்பின் அளவுக்கு ஏற்ப, பழைய தழும்போடு சேர்த்துச் சுற்றி எடுத்து மார்பைக் காப்பாற்ற முடிந்தால் அதுவே போதும். ஓரம் சுத்தமாக வந்துவிட்டால், மார்பை எடுத்தவரைவிட எடுக்காதவர் ஆயுளில் எதையும் இழப்பதில்லை.

திரும்ப வருமா என்று கேட்டீர்கள். பார்டர்லைன் வகையில் அதே இடத்தில் மறுபடி வருவது ஏறத்தாழ நூற்றுக்கு 14 முதல் 25 பேருக்கு. ஓரம் சுத்தமாக இல்லாதவர்களுக்கு ஆபத்து கூடுதல். வந்தாலும் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடத்துக்குள் அதே மார்பில்தான் வரும். நுரையீரலுக்குப் போவது பார்டர்லைனில் மிக அரிது. அந்தப் பயம் மாலிக்னன்ட், அதாவது புற்றுநோய் வகைக்குத்தான், அதிலும் எல்லோருக்கும் இல்லை.

கீமோவுக்கு இங்கே வேலை இல்லை. ஹார்மோன் மாத்திரைக்கும் இல்லை. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கவும் தேவையில்லை, ஏனென்றால் இந்தக் கட்டி அந்த வழியாகப் போவதே அபூர்வம். தேவையில்லாமல் அக்குளைச் சுத்தம் செய்துவிட்டு, வாழ்நாள் முழுக்கக் கை வீங்கிப்போய்ச் சுமை தூக்க முடியாமல் வந்து நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இப்போது நான் சொல்வதை அலட்சியமாக விடாதீர்கள். ரிப்போர்ட் வெறும் காகிதம். உங்கள் சொத்து பிளாக். எடுத்த கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்து, தீப்பெட்டியை விடச் சின்னக் கட்டிகளாக வைத்திருப்பார்கள். அதைத்தான் பிளாக் என்கிறோம். அதிலிருந்து சீவிக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. இரண்டையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கி, மார்பகக் கட்டிகளை அதிகம் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். பினைனா (சாதுவானதா), பார்டர்லைனா, மாலிக்னன்ட்டா என்பதில் கைதேர்ந்தவர்களே வேறுபடும் கட்டி இது. ‘லேபில் கேளுங்கள்’, ‘டாக்டர் லீவு’, ‘தொலைந்துவிட்டது’ என்று அலைக்கழிப்பார்கள். விடாதீர்கள். ஒரு பெண்ணின் மார்பை வெட்டியெடுத்துவிட்டு, அந்தக் கட்டி எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத நிலைமை நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. எடுத்த கட்டியை உறவினர் கையில் கேரி பேக்கில் கொடுத்து ‘லேபில் கொடுத்துடுங்க’ என்று அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். டப்பாவில் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினுக்குப் பதில் வெறும் உப்புநீரான சலைன். மறுநாள் லேப் போய்ச் சேர்வதற்குள் திசு கெட்டுப்போயிருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன வகை என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

அதனால் இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்பே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். எடுத்த துண்டு நிறைய ஃபார்மலினில் போகிறதா. மேல்பக்கம் குட்டை நூல், வெளிப்பக்கம் நீள நூல் என்று அடையாளத் தையல் போடுவார்களா. ரிப்போர்ட்டில் ஒவ்வொரு ஓரமும் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுவார்களா. இதைக் கேட்டால் கோபப்படும் இடத்தில் ஆபரேஷன் வேண்டாம்.

அந்த ‘தெரிந்த ஒருவர்’ விஷயம். பெங்களூரில் 1973-இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாறில் 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையம், இரண்டுக்கும் நேரே போய் ஓ.பி. சீட்டு போடலாம். இடையில் ஆள் தேவையில்லை. கித்வாய்க்கு என்று சொல்லி ஏற்றிக்கொண்டுபோய், வேறொரு தனியார் மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுக் கமிஷன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைசிகிச்சைப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து மேல்சிகிச்சைக்குக் கடிதம் வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் புரோக்கர் வேண்டாம். ‘போன மாசம்தானே ஆபரேஷன் ஆச்சு, மறுபடி ஏன்?’ என்று காப்பீட்டுக்காரர்கள் இழுத்தடிப்பார்கள். ‘ஓரத்தைத் தொடுகிறது’ என்ற வரியை அடிக்கோடிட்டு, டாக்டர் கையெழுத்தோடு கொடுங்கள். அந்த ஒரு வரியைப் படிக்க அவர்களுக்கு இத்தனை நாள் ஏன் ஆகிறது என்பது எனக்கு இதுவரை புரியவில்லை.

ஒரு விதிவிலக்கு. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு நிறையப் பேர் வீணாகக் கத்திக்குப் போகிறார்கள், அதனால் நிறுத்திச் சொல்கிறேன். மேலே சொன்ன மறு ஆபரேஷன் பார்டர்லைன், மாலிக்னன்ட் வகைகளுக்கு. ரிப்போர்ட்டில் ‘பினைன் ஃபைலோட்ஸ்’ என்று இருந்து, கட்டி முழுசாக வந்துவிட்டது, ஓரம் மட்டும் மெல்லியதாக இருக்கிறது என்றால் உடனே மறுபடி வெட்ட வேண்டியதில்லை. 1 சென்டிமீட்டர் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்ப வருவதில்லை. வந்தாலும் அப்போது எடுத்துக்கொள்ளலாம். ஓரம் நுண்ணோக்கியில் தொட்டதாகத் தெரிந்தால்கூட, ஸ்கேனில் மிச்சக் கட்டி இல்லாதபட்சத்தில் கவனித்துக்கொண்டிருப்பதே முறை. ஆனால் அந்த ‘பினைன்’ என்ற சொல்லை இரண்டாவது மருத்துவரும் பிளாக்கைப் பார்த்து உறுதிசெய்திருக்க வேண்டும். உங்கள் அக்காவின் பிளாக்கை மறுபடி பார்க்கும் மருத்துவர் ‘பினைன்’ என்று சொன்னால், நான் முதல் வரியில் சொன்ன ஆபரேஷனும் தேவைப்படாமல் போகலாம். அதனால்தான் பிளாக், பிளாக் என்று அடித்துக்கொள்கிறேன்.

ஆபரேஷன் முடிந்த பிறகு முதல் மூன்று வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் கையால் சோதித்து, மார்பு ஸ்கேனும் எடுக்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே எப்போது என்பதை அவரே சொல்வார். தழும்புக்குப் பக்கத்தில் பட்டாணி அளவு தட்டினாலும் தக்காளி சீசன் முடியட்டும் என்று அக்கா தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் ஒரு பெண்ணை, அண்ணியோ மகளோ, கூடப் போகச் சொல்லுங்கள். தம்பி எதிரில் சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டு, ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லி வந்துவிடுவார்.

திங்கள்கிழமை காலையில் ஆபரேஷன் செய்த இடத்துக்கு ரிப்போர்ட் எண்ணோடு போய், பிளாக்கையும் ஸ்லைடையும் கேளுங்கள். எத்தனை பிளாக் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், மெழுகு உருகிவிடும்.