பழைய ராணுவ ஜீப்புக்கு எந்த டயர், எந்த ரிம் பொருத்துவது?

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: 'எங்கள் ஐயா வாங்கிய 1944-ஆம் ஆண்டு ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப் பல ஆண்டுகளாகக் கார் செட்டிலேயே நிற்கிறது. எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. தை மாதம் அண்ணன் திருமணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அதை எடுக்க விரும்புகிறோம். பழைய டயர்களில் பட்டன் இன்னும் தேயவில்லை. அவற்றையே வைத்துக்கொள்ளலாமா? மாற்றுவதென்றால் என்ன அளவு, என்ன ரிம்?'

பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் 1943-ஆம் ஆண்டு வில்லிஸ் எம்பி ஒன்று இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக அதன் சக்கர வேலைகள் அனைத்தையும் நானே செய்து வருகிறேன். உங்கள் ஜிபிடபிள்யூவும் என் எம்பியும் ஒரே வடிவமைப்பை இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே தயாரித்தவை என்பதால், நான் பட்டறிந்தவை பெரும்பாலும் உங்கள் வண்டிக்கும் பொருந்தும்.

பழைய டயர்களில் ஓட்ட வேண்டாம். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டை, ஆழமாக இருப்பது அந்த டயர் ஓடவில்லை என்பதை மட்டுமே காட்டும். ரப்பர் நிற்கும்போதும் கெடும். பகல் வெளிச்சத்தில் டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். ரிம்மை ஒட்டிய இடத்திலும், பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளத்தின் அடியிலும், காய்ந்த கண்மாயின் தரைபோல மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் புது ரப்பர் சற்று இடம் கொடுத்து மீளும். கெட்ட ரப்பரில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். நம் பக்கத்து வெயிலில், ஒரே இடத்தில் பாரத்தோடு பல ஆண்டுகள் நின்ற டயரின் உள்ளே இருக்கும் நூலிழைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. புது டயர் வாங்கும்போதும் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். கடையில் ஏழெட்டு ஆண்டுகள் கிடந்த டயருக்குப் புது டயர் விலை கொடுக்க வேண்டியதில்லை.

அளவு 6.00-16. ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம், நடுவில் உள்ள கோடு இது நைலான் டயர், ரேடியல் இல்லை என்பதன் அடையாளம். பெரிய டயர் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்கும் என்று 7.50-16 போடச் சொல்பவர்கள் உங்களிடமும் வருவார்கள். 6.00-16 டயரின் முழு உயரம் சுமார் 28.5 அங்குலம், 7.50-16 அதைவிட ஏறக்குறைய மூன்று அங்குலம் கூடுதல். அச்சில் 4.88 என்ற பல் விகிதத்தையும் 60 குதிரைத்திறன் எஞ்சினையும் இந்த டயர் உயரத்தோடு சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார்கள். டயர் பத்தில் ஒரு பங்கு பெரிதானால், இழுவை அதே அளவு குறையும், சிறிய டிரம் பிரேக்குக்குச் சுமை கூடும், ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி உண்மையில் 55-இல் போகும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயர் உரசவும் வாய்ப்புண்டு. பெரிய டயரில்தான் கம்பீரம் என்றால், அதே போரில் ஓடிய முக்கால் டன் டாட்ஜ் வண்டிக்கு 9.00-16 டயர் இருக்கிறது. அதன் அச்சும் உடலும் அதற்கேற்றவை.

பட்டன் வடிவத்தில் உங்களுக்கு வேண்டியது என்டிடி எனப்படும் போர்க்கால வடிவம். முன்னும் பின்னும் ஒரே மாதிரித் தெரியும்படி குறுக்குக் கட்டைகளாக அமைந்திருக்கும். அதனால் எந்தச் சக்கரத்தையும் எந்தப் பக்கத்திலும் மாட்டலாம், ரிவர்ஸ் எடுக்கும்போதும் பிடிப்பு குறையாது. செம்மண் பாதையிலும் கண்மாய்க் கரையிலும் இதன் பிடிப்பு மிக நன்று. ஆனால் ஐப்பசி மழையில் நனைந்த தார்ச் சாலையில் இந்த டயர் வழுக்கும். இதை அனுபவத்தில் உணர்ந்து சொல்கிறேன். மழையில் நாற்பதைத் தாண்டாதீர்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 6.00-16 என்று நம் ஊர் டயர் கடையில் கேட்டால், டிராக்டரின் முன்சக்கர டயரை எடுத்து வைப்பார்கள். அளவு அதேதான், ரிம்மில் கச்சிதமாக உட்காரவும் செய்யும், விலையும் கட்டுப்படியாகும். 'அளவு ஒன்றுதானே, என்ன வித்தியாசம்' என்று விற்பவர் சொன்னதைக் கேட்டு, தொடக்கத்தில் நானும் இரண்டு வாங்கி முன்னால் போட்டேன். திருமயம் சாலையில் ஐம்பதைத் தொட்டபோது ஸ்டியரிங் கையில் துள்ளத் தொடங்கியது. நிறுத்தித் தொட்டுப் பார்த்தால் டயர் கொதித்தது. பிறகுதான் பக்கச் சுவரில் 'ஏ6' என்று எழுதியிருப்பதைக் கவனித்தேன். அந்தக் குறி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கும், 'ஏ8' என்பது 40 கிலோமீட்டருக்கும் உரியது. வயலில் உழைக்கச் செய்த டயரைச் சாலையில் ஓட்டியது என் தவறு. நீளவாக்கில் மூன்று வரம்பு மட்டும் ஓடும் டயரைப் பார்த்தால் அது டிராக்டருக்கானது என்று அறிந்து, சாலை வண்டிக்கான 6.00-16 டயரையே கேட்டு வாங்குங்கள்.

ஐந்து டயரையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் வாங்குவது அவசியம். இந்த ஜீப்பில் எஞ்சின் விசையை இரண்டு அச்சுகளுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. நான்கு சக்கர இயக்கத்தில் போட்டவுடன் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று கட்டுண்டுவிடும். முன்னால் தேய்ந்த டயரும் பின்னால் புது டயரும் இருந்தால், இரண்டின் சுற்றளவும் வேறுபட்டு, பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். லீவரை விடுவிக்கவே முடியாமல் போகும். துணி அளக்கும் நாடாவை டயரைச் சுற்றிப் பிடித்து அளந்து பாருங்கள். இதைவிட எளிய சோதனை இல்லை.

ரப்பரைப் பற்றி எழுதும்போது நம் ஊர் நினைவு வராமல் இருப்பதில்லை. நகரத்தார் பலரின் பணம் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கி, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் வீழ்ந்தபோது, இங்கே எத்தனையோ வீடுகளில் வரவு நின்றது. அங்கே நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பரின் வரத்து ஏறக்குறைய அற்றுப்போனது. அதன் பிறகே அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கி, ராணுவ டயர்களுக்கும் அதைப் பயன்படுத்தியது. உங்கள் 1944 ஜீப் அந்தக் காலத்துப் பிள்ளை. அதன் பழைய டயர் ஒன்றையாவது எறிந்துவிடாமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

இனி ரிம். டயரைவிட இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே நேரும் பிழை உயிரை எடுக்கும். தொடக்க கால ஜீப்புகளுக்கு ஒரே தகட்டாலான சாதாரண டிஸ்க் இருந்தது. 1942 வாக்கில் 'காம்பாட் ரிம்' வந்தது. இது இரண்டு பாதிகளாகச் செய்து, எட்டு நட்டுகளால் இறுக்கி ஒன்றாக்கிய ரிம். உங்கள் வண்டியில் இருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். சக்கரத்தின் நடுவில், ஹப்பைச் சுற்றி ஐந்து நட்டுகள் இருக்கும். அவை சக்கரத்தை வண்டியோடு பிடித்திருப்பவை. அவற்றுக்கு வெளியே, விளிம்பை நோக்கி, வட்டமாக எட்டு நட்டுகள் இருக்கும். அவை ரிம்மின் இரு பாதிகளையும் பிடித்திருப்பவை. டயரில் காற்று இருக்கும்போது அந்த எட்டில் கை வைத்தால், உள்ளே அடைந்திருக்கும் காற்று மேல்பாதியைக் குண்டுபோல் தூக்கி எறியும். லாரி டயர் கடைகளில், டயரை ரிம்மில் பிடித்திருக்கும் லாக் ரிங் என்ற இரும்பு வளையம் தெறித்து நேர்ந்த விபத்துகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; இதுவும் அதே ஆபத்துதான். பிரிட்டிஷ் ராணுவத்தில் இப்படிப் பிரியும் ரிம்களின் நட்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசும் வழக்கம் இருந்தது. என் வண்டியிலும் எட்டு நட்டுகளுக்கும் சிவப்பு பூசியிருக்கிறேன். நீங்களும் பூசுங்கள்.

பிரிக்கும் முறையைச் சொல்கிறேன். சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கவைத்து, வால்வின் உள்ளே இருக்கும் ஊசியை முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். சீற்றம் நின்றதும் காற்று போய்விட்டது என்று நம்பிவிடாதீர்கள். துருவோ மண்ணோ வால்வை அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பி ஒன்றை வால்வுக்குள் விட்டு எடுத்துப் பாருங்கள். அடுத்து, டயரின் ஓரத்தை லிவரால் அழுத்தி, இரு பக்கமும் ரிம்மிலிருந்து விடுபட்டுத் தளர்வதைக் கண்ணால் பார்த்த பிறகே எட்டு நட்டுகளையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

உள்ளே டயரின் இரு ஓரங்களையும் அகட்டிப் பிடிக்கும் இரும்பு வளையம் ஒன்று இருக்கக்கூடும். குண்டு பட்டுக் காற்றிறங்கிய டயரிலும் சிறிது தூரம் ஓடித் தப்பிக்க வைத்தது அது. ஊர்வலத்துக்கும் ஊர்ச் சாலைக்கும் அது தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் அதை எடுத்துவிட்டால், இரு பாதிகளின் இணைப்பு ட்யூபை அறுக்காதபடி கட்டாயம் பிளாப் எனப்படும் ரப்பர் பட்டையை ட்யூபுக்கும் ரிம்முக்கும் இடையே போட வேண்டும்.

ரிம்மின் உட்புறத் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, குழி விழுந்த ஆழத்தைப் பாருங்கள். 1953 முதல் அரிப்பைப் பற்றி ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடி பக்கத்திலேயே வாழும் நாம், துருவை வண்ணம் பூசி மூடிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. சுத்தியலால் மெல்லத் தட்டும்போது மணிபோல் ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தாலோ, நட்டுத் துளைகள் முட்டை வடிவமாகியிருந்தாலோ, அந்த ரிம்மைக் கழித்துவிடுங்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் ஒருபோதும் வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் டயர் வெடிக்கும்.

மாற்று ரிம் கிடைக்கவில்லையென்றால், பழைய மஹிந்திரா ஜீப்பின் பதினாறு அங்குல டிஸ்க் தற்காலிகமாக உதவும். இரண்டிலும் ஐந்து நட்டுத் துளைகள், அவற்றின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம் 5.5 அங்குலம். ஐந்து துளை உள்ள சக்கரத்தில் வட்டத்தை நேர்க்கோட்டில் அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத்துக்கு இடையே 82 மில்லிமீட்டர் இருந்தால் அது 5.5 அங்குல வட்டம்.

சேர்க்கும்போது ட்யூபுக்கும் டயருக்கும் இடையே பிரெஞ்சு சாக் எனப்படும் வழுவழுப்பான வெள்ளைப் பொடியைத் தாராளமாகத் தூவி, எட்டு நட்டுகளையும் எதிரெதிராக இறுக்கி, இரண்டு பாதிகளும் இடைவெளியின்றி இரும்போடு இரும்பாகச் சேர்ந்திருப்பதைச் சுற்றிலும் பாருங்கள். பத்து பவுண்டு காற்று அடித்து, முழுவதையும் இறக்கி, மறுபடி அடித்தால் ட்யூபின் மடிப்புகள் நீங்கும். இறுதிக் காற்றை லாரி டயர் கடையின் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான குழாயால், சக்கரத்துக்கு நேரே நிற்காமல் விலகி நின்று அடிக்கச் சொல்லுங்கள். நான் 30 பவுண்டு வைக்கிறேன்.

மாட்டும்போது ஒரு செய்தியை மறக்கக் கூடாது. இடது பக்கச் சக்கரங்களின் நட்டுகள், அதாவது உங்கள் வண்டியில் ஓட்டுநர் அமரும் பக்கத்து நட்டுகள், இடப்புரி மரை உள்ளவை. வழக்கமாகக் கழற்றும் திசையில் திருப்பினால் அவை மேலும் இறுகும். நான் தேநீர் குடித்துத் திரும்புவதற்குள், ஒரு பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியை வைத்து என் வண்டியின் இரண்டு போல்ட்டுகளை ஒடித்துவிட்டார்கள். அவற்றின் முனையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தது, யாரும் பார்க்கவில்லை. ஸ்பேனரைக் கையால் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். மாட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஐந்து நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். அந்த ஓட்டத்தைத் திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது. ஊர்வலத்தில் பையன்கள் தொற்றிக்கொள்வார்கள். இது கால் டன் பாரம் மட்டுமே ஏற்றுவதற்கான வண்டி என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சீமைக்கருவேல முள் எந்த டயரையும் விடாது என்பதால் வழியில் பஞ்சர் ஆவதற்கு வாய்ப்பு அதிகம். அப்போது காம்பாட் ரிம்மை முன்பின் பார்த்திராத கடையில் பிரிக்கக் கொடுக்காதீர்கள். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, முள் ஏறிய சக்கரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, வால்வு ஊசியைக் கழற்றுவதிலிருந்து தொடங்குங்கள்.