மிளகாய் போட தாலிக்கொடிய வைக்கலாமா?

கேள்வி: அண்ணன், நாங்க மட்டக்களப்பு வாகரைப் பக்கம். 1 ஏக்கர் மேட்டுக்காணி, மணல் தரை, கிணறு ஒண்டு கிடக்கு. அவர் கட்டார்ல, மாசம் 60,000 அனுப்புறார். வீட்டுல நானும் மாமியும் படிக்கிற பிள்ளைகள் ரெண்டும்தான். பக்கத்துக் காணிக்காரர் போன சிறுபோகம் (வெயில் காலப் போகம்) மிளகாயில நல்லா உழைச்சவர். தாலிக்கொடிய அடகு வைச்சு முழு ஏக்கரும் மிளகாய் போடவா?

பதில்: தங்கச்சி, தாலிக்கொடியில கை வைக்க வேணாம், முதல்ல அதச் சொல்லிப்போட்டு மிச்சத்த சொல்றன். அவர் உழைச்ச காச பாத்தீங்க, அந்தக் காணிக்குள்ள எத்தன பேர் குனிஞ்சு நிண்டவங்க எண்டு பாத்தீங்களா? மிளகாய் நட்டு ரெண்டு ரெண்டரை மாசத்துல ஆயத் தொடங்கினா மறுகா கிழமைக்கிழமை ஆயோணும், அதுக்குள்ள தண்ணி, களை, இலை சுருண்டா மருந்து எண்டு ஓயாத வேலை, வீட்டு ஆக்களே நிண்டா கூலி மிச்சம், உங்களுக்கெண்டா ஒவ்வொரு ஆய்ச்சலுக்கும் கூலி. உங்கட வீட்டுல காசு மாசாமாசம் வருது, வேலைக்குக் கைதான் இல்ல.

எங்கட அம்மா ஒரு வருசம் காப்ப வைச்சு அரை ஏக்கர் மிளகாய் போட்டவ. ஆய ஆளில்லாம மரத்துலயே பழுத்து வெம்பி விழுந்தது இப்பவும் என்ட கண்ணுக்குள்ள கிடக்கு. அந்தக் காப்பு திரும்பி வரவே இல்ல.

உங்களுக்கு கச்சான்தான், அதான் நிலக்கடலைதான் சரி. மணல் தரை, மூண்டு மூண்டரை மாசப் பயிர், ஆள் கூடத் தேவைப்படுறது களை எடுத்து மண் அணைக்கவும் பிடுங்கவும்தான். முக்கால் ஏக்கர் கச்சான் போடுங்க, கிணத்தடியில 20 பேர்ச் (ஏக்கர்ல எட்டுல ஒரு பங்கு) மட்டும் மிளகாய், அத மாமியும் நீங்களுமே பாக்கலாம், மிச்சத்த இந்தப் போகம் சும்மா விடுங்க. விதை, உழவுக்கு இப்பவே ரெண்டு மூண்டு மாசம் அவர் அனுப்புற காசுல கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்குங்க. வேலிச் செலவ மறந்துடாதீங்க, அவிட்டு விட்ட மாடு ஒரு ராவுல எல்லாத்தையும் முடிச்சிடும்.

கிணத்தையும் ஒருக்கா பாருங்க. வாளிக் கயித்துல தண்ணி மட்டத்துக்கு முடிச்சொண்டு போட்டு, காலையில ஒரு மணித்தியாலம் இறைச்சுப்போட்டு பின்னேரம் திரும்ப விட்டுப் பாருங்க. பழைய மட்டத்துக்கு ஊறாட்டி ஆடி ஆவணியில 20 பேர்ச்சுக்கே தண்ணி காணாது, அப்ப மிளகாய 10 பேர்ச்சோட நிப்பாட்டுங்க.